பட்டாணிக்குள் பாட்டு

அந்தக் குடியிருப்பில் அவருடைய பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கூடத்தில் உட்கார்ந்து, பொக்கை வாய்களுக்குப் பல்வரிசை செய்து கொடுப்பவர். "இந்த ஊர்ல பாதிப் பேரு சிரிக்கிறது என் கைவேலை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"மீதிப் பாதி உங்களைப் பார்த்துச் சிரிக்குது" என்பாள் மனைவி.

அவருடைய கார்தான் பட்டாணி. பழைய காலத்து இரண்டு கதவு வண்டி. பச்சை நிறம், உருண்டை உடம்பு, தவளைக் கண் மாதிரி முன்விளக்குகள். பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தவ. மூத்த சம்சாரம் அவதான், நான் இளையவ" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அந்த வண்டியின் ஸ்டியரிங்கை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. "ரெண்டாவது கியருக்கு முன்கோபம் ஜாஸ்தி. என் கைக்கு மட்டும்தான் அடங்கும்" என்பார்.

இத்தனைக்கும் மனைவிக்கு வேலையே வண்டி ஓட்டுவதுதான். நடமாடும் நூலகத்தின் வேனை அவள்தான் ஓட்டினாள். இரண்டு பட்டாணிகளை விழுங்கி ஏப்பம் விடக்கூடிய பெரிய வேன். அதைச் சந்துகளுக்குள் பின்னோக்கியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கி, புத்தகமும் கொடுத்து, வருகிறவர்களோடு வாய் ஓயாமல் பேசிவிட்டு வருவாள். பேச்சு அவளுக்கு மூச்சு மாதிரி.

அந்தப் பேச்சு பட்டாணிக்குள் மட்டும் செல்லுபடியாகவில்லை. அவர் வலது பக்கம் ஓட்டுவார், அவள் இடது பக்கம் உட்கார்ந்து பேசுவாள். பத்து வாக்கியத்துக்கு ஒரு "ம்" வரும். சில நாள் அதுவும் சம்பந்தமில்லாத இடத்தில் வரும். ரோட்டில் கவனமாக இருக்கிறார் என்று அவளும் விட்டுவிடுவாள்.

ஒருநாள் அப்படி விட முடியவில்லை.

குளிக்கும்போது அவள் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. மார்பில், சுண்டைக்காய் அளவுக்கு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனிதர் அன்ன ஆகாரம் இல்லாமல் உட்கார்ந்துவிடுவார் என்று தெரியும். மருத்துவமனைத் தெருவில் வேனை நிறுத்திவிட்டுத் தனியாகப் போய், ஊசி குத்திச் சோதித்துக்கொண்டு வந்தாள். முடிவு தெரியும்வரை புரண்டு புரண்டு படுத்தாள். கடைசியில் நல்ல சேதிதான் வந்தது. வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கர்ட்டன் துணி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஆற்றுப் பாலத்தில் பட்டாணி ஏறியபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேங்க" என்று ஆரம்பித்தாள். கட்டியைச் சொன்னாள். ஊசியைச் சொன்னாள். தூங்காமல் கிடந்ததைச் சொன்னாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுததைச் சொன்னபோது குரல் உள்ளே போய்விட்டது.

அவர் "ம்" என்றார். பாலம் முடிந்து கொஞ்ச தூரம் போனதும், "வைப்பருக்கு ரப்பர் மாத்தணும்" என்றார்.

அவள் துணிப்பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கேட்டு வாங்குகிற அக்கறை எனக்கு வேண்டாம் என்று அவள் மனதுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் சமைத்தாள், சிரித்தாள், கேலி பேசினாள். பட்டாணியில் ஏறினால் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து, சாப்பிடும்போது சொன்னாள்: "ஏங்க, அந்த வண்டியில ஒரு பாட்டுப் பெட்டி வைங்க."

"எதுக்கு? எஞ்சின் சத்தமே பாட்டு மாதிரிதானே இருக்கு!"

"உங்களுக்கு இருக்கும். எனக்குப் பேச்சுத்துணைக்கு ஏதாவது வேணும். கீச்சு கீச்சுன்னு கத்துற பெட்டி இல்ல, நல்லதா, காதுக்கு இதமா. இல்லேன்னா இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. மறுநாளே மச்சினனுக்குப் போன் போட்டார்.

மனைவியின் தம்பிக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆனாலும் வீட்டில் அவன் இன்னும் சின்னவன்தான். பெரிய பெரிய அரங்கங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். பட்டாணியைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மாமா, நான் கடைசி வரிசைக்குக் கேக்க வைக்கிறவன். இதுல கடைசி வரிசையே இல்லையே!"

"நக்கல் பண்ணாதே மாப்ளே. ஒரே ஒரு கண்டிஷன். எங்கேயும் ஓட்டை போடக் கூடாது. டேஷ்போர்டுல கை வச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"ஓட்டை போடாம ஸ்பீக்கரை எதுல மாட்டுறது? உங்க மீசையிலயா?"

கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. டேஷ்போர்டில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. சின்னவன் அதன் முகத்தையும் இரண்டு குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, வயிற்றை மட்டும் காலி செய்து உள்ளே புதிய கருவியைப் பொருத்தினான். போனிலிருந்தே பாட்டை அனுப்பலாம், ஆனால் பார்ப்பவர்களுக்குப் பழைய ரேடியோ. பல்செட்காரருக்கு அதில் ஏகப்பட்ட திருப்தி. ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில் போனது. வயர்கள் தரைவிரிப்புக்குக் கீழே போயின.

ஸ்பீக்கர்கள்தான் இடம் கிடைக்காமல் தவித்தன. கதவுக்குள் வைக்கலாம் என்றால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும். கடைசியில் கால் வைக்கும் இடத்தின் ஓரங்களில், வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்று என்று முடிவானது. அங்கே உலோகம் குடத்தின் கழுத்து மாதிரி வளைந்து போனது. ஸ்பீக்கரைப் பிடித்துவைக்கக் கடையில் விற்கும் எந்த வளையமும் அந்த வளைவில் உட்காரவில்லை.

"இது என்ன, கோணல் தாடை. இதைவிட மோசமான வாயெல்லாம் பார்த்திருக்கேன்" என்றார் பல்செட்காரர்.

கூடத்திலிருந்து அச்செடுக்கும் மாவைக் கொண்டுவந்து பிசைந்தார். வளைவில் அப்பி, இறுகும்வரை கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அச்சைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வளையங்கள் வந்தன. மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தின. சின்னவன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது என்ன கலரு?"

"ஈறு கலரு. எங்கிட்ட வேற கலர் பொடி இல்லை."

"அப்படியே ரெண்டு பல்லும் வச்சிருந்தா ஸ்பீக்கர் இளிச்சிருக்கும்."

டீ கொண்டுவந்த அக்காவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தாள். அதிர்வு இல்லாமல் இருக்கக் கதவின் உட்புறம் கருப்பு ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தார் கணவர். காற்றுக் குமிழி நிற்காமல், மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவித் தடவி ஒட்டினார். ஒரு தகரக் கதவிடம் இவ்வளவு பக்குவமாக இருக்கிற மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

முதல்முறை பாட்டுப் போட்டபோது, எஞ்சினை முடுக்கினால் ஸ்பீக்கரும் கூடச் சேர்ந்து சீட்டியடித்தது. சின்னவன் எர்த் வயரைத் துரு இல்லாத இடமாகப் பார்த்து மாற்றிக் கட்டினான். சீட்டி அடங்கியது. அப்போது வந்த ஒலியைக் கேட்டு அவனே அசந்துபோனான். அவ்வளவு சின்ன வண்டிக்குள் அவ்வளவு பெரிய பாட்டு. கண்ணை மூடினால் பாடகி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

"அக்கா, இறங்கி வா. ரெண்டு பேரும் உக்காருங்க. சரிபார்க்கணும்."

கணவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், மனைவி அவருக்கு இடது பக்கம். பாட்டு முடிந்ததும் அவர் உருகிப்போயிருந்தார். "என்னமா இருக்கு அந்த வயலின்! அது ஒண்ணே போதும்."

"வயலினைவிடப் புல்லாங்குழல்தான்டா அழகு" என்றாள் மனைவி தம்பியிடம்.

"புல்லாங்குழலா? அது எங்கே வந்துச்சு?"

"பாட்டு பூரா வந்துச்சே!"

சின்னவன் புருவத்தைச் சுருக்கினான். இடது பக்கத்தில் புல்லாங்குழல், வலது பக்கத்தில் வயலின் என்று பிரித்துப் பதிவு செய்த பாட்டு அது. இடது ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வெளியே நின்றபடி போனில் ஒலியை முழுக்க வலது பக்கத்துக்குத் தள்ளினான்.

"எந்தப் பக்கம் கேக்குது மாமா?"

"வலது."

ஒலியை முழுக்க இடது பக்கத்துக்குத் தள்ளினான். "இப்ப?"

"இப்பவும் வலதுதான். சத்தம் கம்மியா இருக்கு."

"என்னங்க உளர்றீங்க? என் காலடியிலதான் கேக்குது. இடது!"

"உனக்கு வலது எது இடது எதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதே."

"வேனை யாரு ஓட்டுறா, நீங்களா நானா?"

வயரை மாற்றிக் கொடுத்திருப்போம் என்று சின்னவன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் மாமா வலது என்றார், அக்கா இடது என்றாள். அக்கா இன்னும் வாதாடிக்கொண்டிருந்தாள். சின்னவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் வந்து குனிந்தான்.

"மாமா, கண்ணை மூடிக்கோங்க. வலது காதுல விரலை விட்டு நல்லா அடைச்சுக்கோங்க. நான் தோளைத் தட்டுற வரைக்கும் எடுக்கக் கூடாது."

அவர் குழந்தை மாதிரி அப்படியே செய்தார். சின்னவன் இடது ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். அக்காவின் காலடியிலிருந்து புல்லாங்குழல் எழுந்து வண்டியை நிறைத்தது.

"சரி, போடு" என்றார் கணவர்.

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"போடு மாப்ளே, எவ்வளவு நேரம் இப்படியே உக்கார்றது? கை வலிக்குது."

ஒலி போய்க்கொண்டே இருந்தது. மனைவி மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து, அவர் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஏங்க" என்றாள். அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க, "ஏங்க" என்றாள். அவர் கண்ணை மூடியபடி, பாட்டு வருவதற்காகக் காத்திருந்தார்.

சின்னவன் தோளைத் தட்டினான். அவர் விரலை எடுத்ததும் பாட்டு காதுக்குள் பாய்ந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன? என்ன ஆச்சு?"

அவர் தானே இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டார். வலது காதை அடைத்துக்கொண்டு மறுபடி சொடுக்கினார். கை அப்படியே நின்றது.

"மாப்ளே, இந்தக் காது..."

"ஆமா மாமா."

மனைவி இறங்கினாள். பட்டாணியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். கதவைத் திறந்து, தரையில் குந்தி, அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"கர்ட்டன் துணி வாங்கிட்டு வந்தோமே, அன்னிக்குப் பாலத்துல நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"நீ ஏதாவது சொன்னியா? பேசாமதானே வந்தே. ஆத்தைப் பார்த்துட்டு வர்றேன்னு நினைச்சேன்."

"நீங்க ம்னு சொன்னீங்களே."

"அது... நீ பேசுற மாதிரி இருந்தா நான் எப்பவும் ம்னு சொல்வேன். எஞ்சின் சத்தத்துல சரியா விழாது. நீயும் வரவர மெதுவா பேச ஆரம்பிச்சிட்டே. திரும்பத் திரும்பக் கேட்டா கோச்சுக்குவியேன்னு..."

சின்னவன் கருவிகளை எடுத்துவைக்கும் சாக்கில் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கட்டி, ஊசி, தூங்காத ராத்திரிகள், வேனுக்குள் அழுதது. இந்த முறை அவர் காதில் ஒரு சொல்கூடத் தவறாமல் விழுந்தது. சொல்லி முடித்தபோது அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்திருந்தார்.

"தனியாவா போனே?"

"ம்."

"ஊசி குத்துறப்ப யாரு கையைப் பிடிச்சுக்கிட்டே?"

"யாரும் இல்லை. கட்டில் கம்பியைத்தான்."

அவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் வைப்பர் ரப்பரைப் பத்திப் பேசினேனா?" என்று கேட்டார்.

"அதையேதான் பேசினீங்க."

அவர் அழுதார். அவளும் அழுதாள். நடுவில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பில் அவள் மனதுக்குள் சாத்திவைத்திருந்த கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது.

அந்த வாரமே காது மருத்துவரிடம் போனார்கள். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு ஒலி போனபோது சுறுசுறுப்பாக அழுத்தினார். இடது காதுக்கு மாறியதும் பொத்தானைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே நின்று அதைப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை.

வேலைக்கூடத்தில் அவர் இடது தோளுக்கு ஒட்டினாற்போல் தூசி உறிஞ்சும் மோட்டார் ஒன்று நாளெல்லாம் ஓடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் காது நரம்பைத் தின்றது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் மருத்துவர். போனது திரும்பாது. மோட்டாரைத் தள்ளி வைத்து, வேலை செய்யும்போது காதை அடைத்துக்கொண்டால் வலது காதைக் காப்பாற்றலாம். இடது பக்கத்துச் சத்தத்தை வலது காதுக்குக் கடத்தும் சின்னக் கருவி ஒன்றும் இருக்கிறது, பழகிப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஆமா, சமையல்கட்டுல உங்க வலது பக்கம் நின்னுக்கிட்டுக் குப்பையை வெளிய வைங்கன்னு தினமும் கத்துறேனே, அது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது கேட்டுச்சு."

நடைபாதை என்றும் பாராமல் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவன் சோகமாக வந்தான். தன் வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியாக இரண்டு பக்கத்தையும் பிரித்து அமைத்ததில்லை, அதைக் கேட்க வேண்டியவருக்கு ஒரே காது, என்பது அவன் வருத்தம். "ரெண்டையும் கலந்து ஒண்ணா ஆக்கிடுறேன் மாமா. வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்தே வரும். எதுவும் விட்டுப்போகாது. பத்து நிமிஷ வேலை."

"பாட்டுக்குச் சரி. பேச்சுக்கு?" என்றாள் அக்கா. "நான் இடது பக்கம்தானே உக்காரணும்."

"அந்தக் கருவி வந்துட்டா..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

"அது வர்றப்ப வரட்டும்" என்றார் கணவர். அவர் பட்டாணியையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்விளக்கைத் துணியால் ஒருமுறை துடைத்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன். என் நல்ல காது உன் பக்கம் இருக்கும்."

சாவியை வாங்காமல் அவள் அவரையே பார்த்தாள். "நெஜமாவா?"

"வாங்கிக்கோ. மனசு மாறிடப் போவுது."

சின்னவன் பின்சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியைக் கிளப்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் கணவர், "ரெண்டாவது கியர்... மெதுவா... கொஞ்சம் காத்திருந்து..." என்று காற்றில் கையால் கியர் போட்டுக் காட்டினார். அவள் கிளட்சை அழுத்தி, ஒரே தள்ளில் போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. அவர் முகம் சற்று வாடியது. "உனக்கு மட்டும் எப்படி..." என்று முனகினார்.

"எந்நேரமும் இடிச்சுக்கிட்டே இருந்தா எதுவும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்."

ஊரைத் தாண்டி மரங்கள் அடர்ந்த சாலைக்கு வந்தார்கள். பாட்டு, கலந்து ஒன்றாகி, வண்டி முழுக்க நிறைந்திருந்தது. கணவர் தலையை லேசாக வலது பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். புல்லாங்குழல் வந்த இடத்தில், "ஓ, இதுவா!" என்றார்.

மனைவி பேச ஆரம்பித்திருந்தாள். நூலக வேனுக்கு வரும் ஒரு அம்மாவைப் பற்றி. அந்த அம்மா துப்பறியும் கதையாகப் பார்த்து எடுப்பாளாம். திருப்பிக் கொடுக்கும்போது முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று பென்சிலால் எழுதிவைத்துவிடுவாளாம்.

"எதுக்காம்?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'அடுத்துப் படிக்கிறவங்க பாவம், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், நிம்மதியா படிக்கட்டும்'னு சொல்றா!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே கையை நீட்டி, பழைய ரேடியோவின் குமிழைத் திருகிப் பாட்டைக் குறைத்தார்.

"ஐயோ மாமா, இப்பதான் நல்ல இடம் வருது! அதுக்காகத்தானே நான் இவ்வளவு..." என்று பின்னாலிருந்து அலறினான் சின்னவன்.

"சும்மா இரு மாப்ளே" என்றார் அவர், மனைவி பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு. "நீ சொல்லு. அந்தப் பொம்பளை அப்புறம் என்ன செஞ்சா?"